வாய்க்கால் பக்கத்துக் கதவு

திருகோணமலையில் நாங்கள் குடியிருந்த வீடு முன்பு பண்டகசாலையாக இருந்தது. துறைமுகத்திலிருந்து வரும் வாய்க்காலில் வள்ளங்களைக் கட்டி, நேராக உள்ளே சரக்கு இறக்குவதற்காக ஒல்லாந்தர் கட்டியது என்றார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள். நடுவே ஒரு சுவர் வைத்து இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் பின்கதவைத் திறந்தால் நான்கைந்து கற்படிகள், பிறகு தண்ணீர்.

மகள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். மாரி வந்தது. சுவர்கள் வியர்த்தன, தலையணைகூடப் பூஞ்சணம் மணத்தது. பிள்ளைக்கு இருமல் பிடித்தது. வீட்டுக்குள் காற்றோட்டம் வேண்டும் என்றார் டொக்டர். சுகாதாரப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் நான். அது எனக்கும் தெரியும். பூட்டின் திறப்பைக் கையில் எடுப்பேன், படிகளை நினைப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

மறுபாதியில் இருந்த கிண்ணியாக்கார அக்கா சிரித்தார். "தொறந்தா புள்ள விழும், பூட்டினா இருமும். கூரையில தொட்டில கட்டி அங்கயே வளத்துடுங்களன், தங்கச்சி."

ஒருநாள் கதவில் படிந்த பூஞ்சணத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் துணி சிக்கியது. பச்சைப் பெயின்ற்றுக்கு அடியில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தைப் பார்த்தேன், கோட்டுக்கு மேலே இரண்டு பிணைச்சல், கீழே இரண்டு. யாரோ பிற்காலத்தில் ஒரு சட்டத்தை நெடுக்காக அறைந்து, இரண்டு கதவுகளை ஒன்றாக்கியிருந்தார்கள்.

"இஞ்ச வந்து பாருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டேன். எனக்கே சந்தேகமாக இருந்தது. "இது ரெண்டு கதவு போலக் கிடக்கு. நான் பிழையாய்ச் சொல்றனோ தெரியேல்ல."

அவர் அலவாங்கை எடுத்துவந்து சட்டத்தைக் கிளப்பினார். பூட்டு கீழ்ப்பாதியோடு நின்றுவிட, மேற்பாதி மட்டும் முனகிக்கொண்டு திறந்தது. உப்புக் காற்று அறையைக் கடந்து முன்வாசல் திரைச்சீலையைத் தூக்கியது.

"ஒல்லாந்தன்ட பெண்சாதியும் உம்மைப்போலத்தான் இருந்திருக்கிறா," என்றார் அவர்.

மகள் தத்தித்தத்தி வந்து கீழ்க்கதவில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் உயரத்துக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வள்ளக்காரர் கதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கே சிரித்தாள்.

இருமல் நின்றது காற்றாலா மருந்தாலா என்று இன்றும் என்னால் சொல்ல ஏலாது. அவள் தாடை அந்தக் கதவின் விளிம்புக்கு எட்டும்வரை, ஒவ்வொரு நாளும் அந்தக் கீழ்ப்பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.