இரண்டு கட்டுரையும் ஒரு காலி டப்பாவும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளப்பது என் தொழில். அளந்தது உண்மைதான் என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களை நம்பவைப்பது அதைவிடக் கஷ்டமான தொழில்.

பகுதி நேர பிஎச்டியில் சேர்ந்துவிட்டு, "எப்போ முடிப்பீங்க?" என்று கேட்கும் சொந்தக்காரர்களைக் கண்டால் தெருமுனையிலேயே திரும்பிக்கொள்ளும் சக அவஸ்தைக்காரர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். திருவொற்றியூரில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வீடு ராயபுரம். எண்ணூர் உப்பங்கழியின் சேற்றிலும் இறாலிலும் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்பது என் ஆய்வு. தலைப்பைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் ஓரடி தள்ளி நிற்பார். நான்கு வருடமாகத் தள்ளி நிற்க முடியாமல் மாட்டிக்கொண்ட நான் பயந்த கதைகள் இவை.

கீச் கீச்

எண்ணூர்க் கழிக்கரையில் இருக்கும் காத்திவாக்கத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். தேசம்மா அவர்களில் ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். எனக்கு மாதாமாதம் கால் கிலோ இறாலும் ஒரு டப்பா சேறும் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கரையில் நின்று, கதிரியக்கத்தைக் காட்டும் கையடக்கக் கருவியை இயக்கினேன். கீச். கொஞ்சம் விட்டு, கீச் கீச். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தண்ணீரில் இருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. அதுவரை அந்தக் கருவியை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோனதில்லை. "பயப்படாதீங்க, இது எங்க வெச்சாலும் கத்தும்" என்றேன். கதிரியக்கம் மண்ணில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது, வாழைப்பழத்தில் இருக்கிறது, நம் உடம்பிலேயே இருக்கிறது. எங்கேயும் எப்போதும் இருக்கும் இந்தக் கீச்சுக்குப் பின்னணி அளவு என்று பெயர். அதைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தேசம்மா சொன்னாள்: "அப்போ எங்க ஒடம்புலயும் அது கீதுன்ற. இத்தினி நாளு அது பாட்டுக்கு இருந்துச்சு, நாங்க பாட்டுக்கு இருந்தோம். நீ வந்து சொன்னப்புறந்தாம்மா பயமாக் கீது."

சிவப்பு மையில் ஒரு பெயர்

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமானால் தரமான ஆய்வுப் பத்திரிகைகளில் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஒருமுறை ஆசிரியர் கூட்டம். முதல்வர் பட்டியலைத் திரையில் போடுவார். கட்டுரை வெளியிட்டவர்கள் பெயர் பச்சை, இல்லாதவர்கள் சிவப்பு. வேலை ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்கும் கல்லூரியில் அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். திரையில் என் பெயர் நகர்ந்து வரும்போதெல்லாம் குனிந்து பேனா மூடியைத் தேடுவேன்.

முதல் வருடம் முழுக்க அளந்ததைச் சேர்த்து ஒரு கட்டுரை அனுப்பினேன். சேறும் சரி, இறாலும் சரி, உலகத்தில் மற்ற கடற்கரைகளில் இருக்கும் அளவுதான். தேசம்மாவிடம் போய்ச் சந்தோஷமாகச் சொல்லலாம். ஏழு மாதம் காத்திருந்தபின் நிராகரிப்பு வந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒரே வரியில் முடித்திருந்தார்: "அளவுகள் வழக்கம்போலவே உள்ளன, இதில் புதிதாக எதுவும் இல்லை."

பாயின் இரும்புக் கடை

ரிஸ்வானா என் மாணவி. அவள் அப்பா கனி பாய்க்குத் தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை. ஒரு சனிக்கிழமை காலை போன் செய்தாள். மூடிப்போன ஏதோ தொழிற்சாலையின் சாமான்களோடு ஒரு குண்டான் வந்திருக்கிறதாம். சின்ன அண்டா அளவுதான், ஆனால் இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியவில்லையாம். பெயின்டைச் சுரண்டினால் அடியில் மூன்று இறக்கை போட்ட மஞ்சள் வட்டம். "நம்ம புத்தகத்துல இருக்கிற ரேடியேஷன் படம் மாதிரியே இருக்கு மேடம்" என்றாள்.

கருவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். தெருவில் வழக்கமான கீச். கடை வாசலில் கொஞ்சம் வேகம். உள்ளே பழைய கம்பிக் குவியலைத் தாண்டியதும் கீச்சுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே இழுப்பாகிவிட்டன. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. குண்டான் இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தது. என் கால் அதற்கு மேல் போகவில்லை. பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியதை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பதுகூடத் தப்பு. அங்கே பார்க்க எதுவுமே இல்லை. வெயிலில் ஒரு இரும்புக் குண்டான், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான்.

எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று ஒப்பித்துக்கொண்டே தெரு முனைவரை அவர்களை நடத்திக் கொண்டுபோனேன். என் நெறியாளருக்குப் போன் செய்து, அவர் தந்த எண்ணில் அதிகாரிகளைக் கூப்பிட்டேன். மத்தியானம் வந்தார்கள். தொட்டிகளில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் கருவியாம் அது. உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருளை மறைக்கும் கதவு, லாரியிலிருந்து தள்ளிவிட்டபோது பாதி திறந்துகொண்டிருக்கிறது. நீளக் கம்பியால் அதை மூடி, ஈயப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். பாய்க்கும் வேலைக்காரர்கள் மூன்று பேருக்கும் ஒரு மாதம் இரத்தப் பரிசோதனை நடந்தது. ஒவ்வொரு முடிவு வரும் நாளிலும் ரிஸ்வானா வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பாடத்தைப் பாதியில் மறந்துபோய் நிற்பேன். கடைசியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கதவு திறந்திருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததுதான் அவர்கள் அதிர்ஷ்டம்.

முடிவு வந்த அன்று கல்லூரி வாசலில் பாய் எனக்காகக் காத்திருந்தார். "மேடம், நாலு நாளா அதும் பக்கத்துலதான் பாய் விரிச்சுத் தொழுதேன். சூடு இல்ல, வாடை இல்ல, சத்தம் இல்ல. திருடன் வந்தாகூட நாய் கொலைக்கும். இது வந்து வூட்டுக்குள்ள ஒக்காந்துகினு கீது, எவனுக்கும் தெரியலியே."

ஒரே ஒரு சாம்பிள்

என் நெறியாளர் கெட்டவர் அல்ல. நகரத்தில் வேறொரு கல்லூரியில் துறைத் தலைவர். அவரிடம்தான் காமா கதிர்களை எண்ணும் பெரிய கருவி இருந்தது. ஓய்வு பெற அப்போது இரண்டு வருடம் பாக்கி. பேராசிரியர் பதவி உயர்வுக்கு அவருக்கும் கட்டுரைகள் தேவை. பாய் கடை விஷயத்தை எழுதலாமா என்று ஆசையாகக் கேட்டேன். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மெர்லின், அது பேப்பர் இல்லம்மா, பேப்பர்ல வர்ற நியூஸ். ஒரே ஒரு சாம்பிள வெச்சு எவன் பப்ளிஷ் பண்ணுவான்?"

பெரிய எண்

மூன்றாம் வருடம் அவருடைய துறை புதுக் கட்டடத்துக்கு மாறியது. அதே கருவியும் அங்கே போனது. புது அறையில் அளந்த முதல் இறால் பொடியின் கணக்கைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய அளவைப்போல மூன்று மடங்கு. சேற்றிலும் அப்படியே. அடுத்த மாதமும் அப்படியே. எண்ணூர் அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் இருக்கும். அது கழியில் கலந்திருக்கலாம் என்று எழுதச் சொன்னார் நெறியாளர். எழுதினேன். அனுப்பிய பத்தொன்பதாம் நாள் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்துவிட்டது. சார் ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். முதல்வர் போனில் வாழ்த்தினார். என் பெயர் பச்சையானது.

என் பங்கு மைசூர்பாகை நான் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கட்டுரை வெளியானால் யாராவது அதைச் செய்தியாக்குவார்கள். அதற்குப் பிறகு காத்திவாக்கத்து இறாலை யார் வாங்குவார்கள்? வெளியாகாவிட்டால், அதைத் தினமும் சாப்பிடுகிறவர்களின் கதி என்ன? வீட்டில் என் பையனுக்கு இறால் தொக்கென்றால் உயிர். எத்தனை முறை கொடுத்திருப்பேன் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது. அந்த மாதம் சாம்பிள் வாங்கப் போனபோது, வழக்கம்போலத் தேசம்மா வீட்டுக்கென்று தனியாக ஒரு பை இறாலை நீட்டினாள். "இன்னிக்கு வேணாம், எங்க வீட்ல விரதம்" என்றேன். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தவக்காலமும் கிடையாது.

அவள் பையைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். "போன மாசம் வரிக்கும் வாங்கினு போனே. இன்னா கண்ட அதுல? என் கைலயும் சொல்லிட்டுப் போ."

காலி டப்பா

சாம்பிள் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆய்வகத்துக்குப் போனேன். எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியாது. இறால் பொடியை அடைத்து அளக்கும் டப்பாவில் ஒன்றை எடுத்து, அதில் எதையும் போடாமல், மூடியை இறுக்கி, கருவிக்குள் வைத்து எண்ண விட்டேன். பின்னணி அளவை எடுக்கும் முறை அதுதான். பழைய அறையில் எடுத்த பின்னணி அளவைத்தான் புது அறையிலும் கழித்துக்கொண்டிருந்தோம். புதிதாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம்வரை கருவிக்கு முன்னால் ஒரு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். திரையில் எண் ஏற ஏற எனக்குப் புரிந்துவிட்டது. இறால் காட்டிய அதே அதிகத்தை அந்தக் காலி டப்பாவும் காட்டியது. குனிந்து பார்த்தேன். வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கக் கருவியைச் சுற்றி அடுக்க வேண்டிய ஈயக்கட்டிகளில் அடிவரிசை இடமாற்றத்தில் வந்து சேரவே இல்லை. அதற்குக் கீழே பளபளவென்று புது சிவப்புக் கிரானைட் மேடை. கையடக்கக் கருவியை அந்தக் கல்லின்மேல் வைத்தேன். கடகடவென்று கத்தியது. கிரானைட் கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும், தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் துளியளவை எண்ணும் கருவிக்கு அது போதும். இத்தனை மாதம் நான் அளந்தது இறாலை அல்ல, மேடையை.

பாயின் கடையில்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. சார் வந்ததும் காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கிசுகிசுப்பாகச் சொன்னார்: "இதே ரூம்ல இன்னும் மூணு பசங்க அளந்திருக்காங்கம்மா. அதுல ஒருத்தன் ஆய்வேட்டையே குடுத்துட்டான்."

வாபஸ்

பத்து நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. பத்திரிகைக்குத் தனியாகக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்து வைத்து எடுத்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் என் பிஎச்டி அதோடு முடிந்தது. அனுப்பாவிட்டால் அச்சாகி வந்துவிடும். பதினோராம் நாள் விம்கோ நகர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது அவரே கூப்பிட்டார். "கடிதத்தைக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன். அந்தப் பசங்ககிட்டயும் நானே சொல்லிட்டேன்" என்றார். குரல் ரொம்பக் களைத்திருந்தது. பதவி உயர்வு கிடைக்காமலே அவர் ஓய்வு பெற்றார். ஆய்வேட்டைக் கொடுத்திருந்த பையன் அதைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தான். இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

நான் மறுபடி அளந்தபோது இறால் பழையபடி சாதாரணமாகவே இருந்தது. தேசம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லி, நன்றாகத் திட்டும் வாங்கிக்கொண்டேன். திரையில் என் பெயர் திரும்பவும் சிவப்பு. ஒப்பந்தம் என்ன ஆகும் என்று வரும் மே மாதம்தான் தெரியும். பத்திரிகை மட்டும் லேசில் விடவில்லை. மூன்று கடிதம் போட்டபிறகு ஆசிரியர் குழுவிலிருந்து பதில் வந்தது: "இவ்வளவு சுவாரசியமான முடிவை ஏன் திரும்பப் பெறுகிறீர்கள்? தவறு சிறியதுதான் என்றால் அப்படியே வெளியிட்டுவிடலாமே?"

ஆக, நான்கு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்து நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது, எங்கள் ஆய்வகத்து மேடை நல்ல அசல் கிரானைட் என்பதைத்தான்.