கதவின் உட்புறம் எழுதிய எண்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கப்பல்களுக்கான மின்பலகைகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. ஜெனரேட்டரின் மின்சாரத்தைக் கப்பல் முழுக்கப் பிரித்துக் கொடுப்பவை அவை. நான் கப்பலில் ஏறியதே இல்லை. சோதனையின்போது சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டிவிடுவார்கள். உள்ளே நான் மட்டும். மாலையில் ஆரம்பாக்கத்துக்கு ரயில். வீட்டிலும் நான் மட்டும்.

பலகை லாரி ஏறும் முன், அதன் கதவுக்கு உட்புறம் தேதியையும் என் கைபேசி எண்ணையும் எழுதி, 'சந்தேகம் வந்தால் கூப்பிடவும்' என்று தமிழிலேயே சேர்ப்பேன். ஒன்பது ஆண்டுகளாக யாரும் கூப்பிடவில்லை.

"இன்னாண்ணா, கப்பல் போன் பண்ணுச்சா?" என்று வயரிங் செய்பவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் கேட்பார்.

"உன்ன மாதிரி வெட்டியாவா கீது அது?"

போன செவ்வாய்க்கிழமை காலை அழைப்பு வந்தது. தூத்துக்குடிப் பேச்சு.

"சார், போர்டுல உங்க நம்பர் பாத்தேன். நான் கப்பல் எலெக்ட்ரீஷியன். எர்த் விளக்கு மூணுல ஒண்ணு மங்கலா எரியுது. போர்டுலதான் கோளாறுன்னு சீஃப் இன்ஜினியர் சொல்லுதாரு."

மூன்றும் ஒரே அளவில் எரிய வேண்டும். ஒன்று மங்கினால், எங்கோ மின்சாரம் கப்பலின் இரும்பில் கசிகிறது என்று பொருள்.

கதவில் இருந்த தேதியைப் படிக்கச் சொல்லி, என் நோட்டைப் புரட்டினேன். மழை நாள். மின்கசிவுச் சோதனையில் முதல் அளவு சரியில்லை. உள்ளே பல்பு எரியவிட்டு உலர்த்தி, மறுநாள் மீண்டும் அளந்து கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த ஈரம் எங்காவது தங்கியிருந்தால் தவறு என்னுடையது.

"சீஃப கேட்டுக்கினு ஒவ்வொரு பிரேக்கரா அணைங்க தம்பி. விளக்க மட்டும் பாத்துக்கினே இருங்க."

ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அணைத்துப் பார்த்து, மறுபடி போட்டார். பத்து போயிற்று, மங்கல் மாறவில்லை. பதினொன்றாவது, சமையலறை அடுப்பு.

"சார்! மூணும் ஒண்ணுபோல எரியுது!"

கசிவு அடுப்பின் ஹீட்டரில்தான். என் பலகை இல்லை. பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள்.

"சமையக்காரரு சார். சப்பாத்தி பாதியில நிக்குதாம்."

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. "கப்பல்ல இந்த வேலைக்கு நான் ஒருத்தன்தான் சார். இதப் பத்திப் பேச ஆளே கிடையாது."

"இங்கயும் அப்படித்தான்" என்றேன். கதவில் என் எழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை எழுதச் சொன்னேன்.

"எந்தத் தேதி சார்? பசிபிக் கடல்ல தேதிக்கோட்டத் தாண்டிட்டோம். இங்க இன்னும் திங்கக்கெழமதான்."

"உங்க தேதியே எழுதுங்க."

நோட்டில் நான் இரண்டையும் எழுதினேன்.

"இன்னாண்ணா, இம்மா நேரம் யாரு போன்ல?" என்றார் வயரிங்காரர்.

"கப்பல்."

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.