அட்டைச் செக்கும் அடித்த கையும்

போன ரமலானுக்கு முந்தைய ஆறு மாதம், வீட்டுக் கதவு தட்டப்பட்டாலே விளக்கை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். அப்படி ஒடுங்கிக் கிடக்கும் சகோதரர் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேகம்பூர்க்காரன். அத்தா தோல் வியாபாரி. நான் நான்கு இளைஞர்களை வைத்து மொபைல் கேம் டீம் நடத்துகிறேன். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு வாடகை, இன்டர்நெட், சாப்பாடு. பாதியில் ஸ்பான்சரும் கைகழுவிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சென்னைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினோம். நான்கு லட்சம் என்று எழுதிய பெரிய அட்டைச் செக்கை மேடையில் கொடுத்தார்கள். அதை பஸ்ஸில் ஏற்ற நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. ஊர் திரும்பியதும் ரெட்டியார்சத்திரம் போனேன். எங்கள் ஆட்டக்காரன் முருகேசனின் அப்பா அங்கே பூ விவசாயம் செய்கிறார். மகன் பங்கு ஒரு லட்சம் என்று அவரிடம் கையடித்துக் கொடுத்தேன். எங்கள் தோல் வியாபாரத்தில் கையடித்தால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்றுவது ஈனம். மற்ற மூன்று வீட்டிலும் அப்படியே செய்தேன். அட்டையைக் காசென்று நம்பிய என் புத்தியை என்ன சொல்ல.

மாதங்கள் ஓடின. பணம் வரவில்லை. போட்டி நடத்தியவர்கள் போனை எடுக்கவில்லை. முருகேசனின் அப்பா என் வார்த்தையை நம்பி, மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்கியிருந்தார். நான் தின்றுவிட்டேன் என்று பேச்சு கிளம்பியது. செத்துப் போகலாமா என்றுகூட நினைத்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

அப்போது ஒரு சூதாட்ட ஆப் நடத்துபவர்கள் கூப்பிட்டார்கள். டீம் சட்டையில் அவர்கள் பெயர் போட்டால் நான்கு லட்சமும் உடனே தருகிறோம் என்றார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. என் மனைவி ஜமீலா சொன்னாள்: "அந்தக் காசுல இந்த வீட்ல உலை வைக்க மாட்டேன்."

மறுநாள் அஸர் தொழுகையில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவன் எழ முடியாமல் அழுதேன். யா அல்லாஹ், ஹராமான காசு வேண்டாம், என் வாக்கு மட்டும் விழாமல் பார்த்துக்கொள் என்று கேட்டேன். வெளியே வந்து ஆப்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து போனைப் பார்த்தேன். பரிசுப் பணம் வந்திருந்தது. ஆனால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்தான். நூற்றுக்கு முப்பது வரியாகப் பிடிப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. கையடித்ததோ தலைக்கு ஒரு லட்சம். முன்னைவிட நொறுங்கிப் போனேன். டீமின் போன்களை விற்றாலும் மிச்சம் தேறாது. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி நான்கு வீட்டுக்கும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. முருகேசனின் அப்பா நின்றார். பின்னால் மற்ற மூன்று அப்பாக்கள். உள்ளே கூப்பிட்டேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"பாய், கையடிச்சதை நீங்க மாத்தக் கூடாது. வாங்குன நாங்க மாத்தலாம்ல? கையக் குடுங்க, எழுபதாயிரம்."

நால்வரும் மறுபடி கையடித்தார்கள். நான் கேட்டது பணம் இல்லையே, வாக்குதானே. அதை இறைவன் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தான்.

இப்போது ஒப்பந்தத்தைப் படிக்காமல் டீமை எங்கும் இறக்குவதில்லை. வரி போக வருவதை மட்டுமே பையன்கள் வீட்டில் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதவும் தட்டப்படலாம், சகோதரரே. இறைவனிடம் கேட்டுவிட்டு, பயப்படாமல் திறங்கள்.