அட்லஸுக்குள் வைத்த ஊர்

வெள்ளைக்காரன் களி தின்பான் என்பதை நாங்கள் யாரும் நம்பவில்லை. மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், நாங்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பாஸ் செய்தவர்கள். காலையில் வீட்டில் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, அலுவலகத்தில் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வோம். அதை யாரும் நம்பியதில்லை. ஆனாலும் எல்லோரும் சொன்னோம்.

எங்கள் வட்டாரத்தில் ஐரோப்பாவைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கிராணி அல்ல, குசினிக்காரர். ஓர் எஞ்சினியர் துரையின் வீட்டில் சமைத்தவர். அந்தத் துரைக்கு மலை ஏறுவதில் பைத்தியம். விடுப்பில் சீமைக்குப் போனபோது இவரையும் கப்பலில் கூட்டிப்போய், வழியில் இத்தாலியில் இறங்கி, ஆல்ப்ஸ் மலையடியில் ஒரு குக்கிராமத்தில் கோடை முழுவதும் தங்கியிருக்கிறார். துரை பனியில் ஏறி இறங்க, இவர் சத்திரத்து அடுப்படியில் கறி சமைத்திருக்கிறார். மலாயா திரும்பிய கொஞ்ச நாளில் துரை வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். குசினிக்காரர் ரயில்வே ரெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்தார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கோப்பிக் கடையில் அவரைப் பிடித்து உட்கார வைப்போம்.

"அங்க கூரையெல்லாம் கல்லுங்க. பலகை பலகையா கல்லு. கீழ மாடு, மேல மனுசன். மாட்டுச் சூட்டுலதான் குளிரைத் தாங்குறாங்க."

"யாரு, வெள்ளைக்காரனா?"

"வெள்ளைக்காரங்கதான் ஐயா. பொம்பளைங்க முதுகுல கூடை மாட்டி மேட்டு வயலுக்குச் சாணி சுமப்பாங்க. நானும் ஒரு நாள் சுமந்தேன். சாப்பாடு சோளக் களி. மஞ்சளா இருக்கும். பலகையில கொட்டி நூலால அறுத்துத் தருவாங்க."

"அவங்க நூலால அறுத்தாங்க, நீ இங்க கயிறு திரிக்கிறே!"

கடை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரிப்பார். அவருக்கு அந்த ஊரைப் பற்றிப் பேசக் கிடைத்தால் போதும்.

"அந்த ஊருக்கு அப்புறம் ஊரே கிடையாதுங்க. பனிதான். எந்தத் துரை மலை ஏறணும்னாலும் அங்க வந்துதான் ஏறணும். மலைக்கே வாசப்படி."

"வாசப்படின்னா செருப்பை அங்கயே கழட்டிப் போடணுமோ?" என்று கேட்டவன் நான்தான்.

"இல்லைங்க ஐயா. அங்கதான் மாட்டணும். ஆணி அடிச்ச பூட்ஸு."

நல்ல பதில். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முதல் அவருக்கு 'வாசப்படி' என்று பெயர் வைத்தேன். ஆல்ப்ஸ் சிகரங்களின் உயரத்தை அடி கணக்கில் ஒப்பிக்கத் தெரிந்தவன் நான். ஆனால் இங்கே பிறந்து, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் தாண்டிப் போகாதவன். ஒரு குசினிக்காரர் அந்த மலையின் வாசலில் சட்டி கழுவிவிட்டு வந்திருந்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பொறாமை.

அப்போது அவருக்குக் கிள்ளானில் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா துணிக்கடைக்காரர். எங்கள் சிரிப்பு அவர் காதுவரை போயிருந்தது. "வேலை சமையலா இருந்தா என்ன, புளுகனா இருக்கக் கூடாது" என்றாராம். அந்த ஊருக்கு வந்த படக்காரர் ஒருவர் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார் என்றும், சத்திரத்து அம்மா அதை அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள் என்றும் குசினிக்காரர் சொல்லியிருக்கிறார். "அப்ப படம் வரட்டும். பாத்துட்டுப் பாக்கு வெத்திலை மாத்திக்குவோம்" என்று துணிக்கடைக்காரர் முடித்துவிட்டார்.

படம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் அலுவலக முகவரிக்கு. தபாலைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. தபாலட்டையில் கல் கூரை வீடுகள், பின்னால் வெள்ளை மலை, முன்னால் முதுகில் கூடை மாட்டிய ஐந்தாறு பெண்கள். நடுவில், அதே கூடையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நம் குசினிக்காரர். பின்பக்கத்தில் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், ஊரார் எல்லோரும் சுகம் விசாரித்ததாகவும் அவர் வைத்த கறியை இன்னும் பேசுவதாகவும் எழுதியிருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அட்லஸில், ஆஸ்திரேலியாப் பக்கத்தில் வைத்தேன். திங்கட்கிழமை கொடுத்துவிடலாம், இரண்டு நாள் வேடிக்கை பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்காரரே கிள்ளானிலிருந்து ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார்.

"தை பொறக்கப் போவுது கிராணியாரே. எத்தனை நாள் அந்தப் படத்துக்குக் காத்திருக்கிறது? நீங்க படிச்சவங்க. அப்படி ஒரு ஊரு இருக்கா?"

அட்லஸை எடுத்து இத்தாலியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலைத்தொடர் மேல் விரலை மெல்ல நகர்த்தினார். ஆங்கில எழுத்துத் தெரியாதவர்.

"இங்க என்ன போட்டிருக்கு?"

"அந்த இடத்தில் ஊர் பெயர் எதுவும் இல்லை."

நான் பொய் சொல்லவில்லை. முப்பது வீடு உள்ள ஊரை எந்த அட்லஸ் போடும்?

"அப்ப புளுகன்தானா?"

"அட்லஸில் இல்லாத ஊரைப் பற்றி நான் என்ன சொல்ல?" என்று புத்தகத்தை மூடினேன். அவர் தேடி வந்தது சில பக்கங்கள் தள்ளி அதற்குள்ளேயே கிடந்தது.

சம்பந்தம் நின்றுபோனது. திங்கட்கிழமை அட்டையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அது வந்து சேர்ந்த தேதி முத்திரையைப் பார்த்து யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். அந்தப் பெண்ணை எங்கள் கோப்பிக் கடைக் கூட்டத்தில் ஒருவனுக்கே, ரொட்டி வெண்ணெய்க்காரன் ஒருவனுக்கே, கொடுத்தார்கள். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குசினிக்காரர் அதன்பின் கோப்பிக் கடைப் பக்கம் வரவில்லை.

பத்து வருடம் கழித்து அவர் செந்தூலில் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூன்று முறை போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினேன். கோழையின் வயிறும் பசிக்கத்தான் செய்கிறது. நான்காம் முறை அட்டையை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கான்" என்றார். "எந்த ஊருங்க இது?"

"நடுவில் நிற்பது நீங்கள்தானே."

"நானா? யாரோ கூடையோட நிக்கிறான், பாவம். இந்த நாட்டுக்கு வந்த கப்பலை விட்டா நான் வேற கப்பல் ஏறினதே இல்லைங்க. சின்ன வயசுல சும்மா புளுகிக்கிட்டுத் திரிஞ்சேன். உங்களுக்குத் தெரியாததா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்காரரிடம் மறைத்தது, எல்லாம். அவர் குழம்பு வாளியைக் கையில் எடுத்தார். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றினார். பிறகு அட்டையை நனையாமல் என் சட்டைப் பையில் செருகினார்.

"அட்லஸுல அந்த ஊரு இல்லைன்னு சொன்னீங்களாமே. இதை அதுலயே வச்சிருங்க ஐயா. இனிமே இருக்குமில்ல."

இருக்கிறது. இப்போது இத்தாலிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.