பூவரசங்கதியாலுக்கு வந்த மாப்பிள்ளை

1984 ஆவணி மாதம், எங்கள் தீவில், புளியங்கூடலில் எங்கள் வீட்டு எல்லை வேலியோரம் நடந்தது இது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதியாண்டு மாணவி. குச்சிகளை ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே இலை தின்னும் ஒரு புழுதான் என் ஆய்வு. அதில் பெண்ணுக்குச் சாகும்வரை சிறகு முளைக்காது. கூட்டை விட்டு வெளியேயும் வராது. ஆண் மட்டும் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். பறந்த ஆணைப் பிடித்த ஒருவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். பிறகு கூட்டைக் கண்ட இன்னொருவர், இது வேறு இனம் என்று வேறு பெயர் வைத்துவிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

"அப்பிடியெண்டால் ஆண் அந்தக் கூட்டிலை வந்து இருக்கேக்கை பிடிச்சுக்கொண்டு வாரும், பாப்பம்" என்றார் பேராசிரியர்.

போத்தலில் வளர்த்தவை எல்லாம் செத்துவிட்டன. மிஞ்சியவை எல்லை வேலியின் ஒரு பூவரசங்கதியாலில் தொங்கிய கூடுகள் மட்டுமே. கதியால் என்றால் தெரியும்தானே, நட்ட தடி துளிர்த்து மரமாகி வேலியைத் தாங்கி நிற்பது. என் கெட்ட காலம், அந்த வேலி யாருடையது என்று எங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் வழக்கு. பல வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒருநாள் காலை, வயலில் உரமாகத் தாழ்க்க இலைக்குழை வெட்டவென்று பக்கத்து வீட்டு அண்ணை கத்தி கட்டிய கொக்கத்தடியோடு வேலிக்கு வந்துவிட்டார். கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெட்கத்தை விட்டு ஓடிப்போய், "அண்ணை, இந்த ஒண்டை மட்டும் வெட்டாதேங்கோ" என்றேன்.

"ஏலாது பிள்ளை. குழை வெட்டுறவன்தான் வேலிக்காரன். ஒண்டை விட்டாலும், விட்டுக்குடுத்திட்டான் எண்டு உம்மடை அப்பர் வழக்கிலை சொல்லுவார்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. எங்கள் ஊரில் அதுதான் சாட்சி. அடுப்படிக் குசினியிலிருந்து அவர் மனைவி வந்து, "ஏன் பிள்ளை அழுறீர்?" என்றார். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

"புருஷன் பறந்து திரியிறான், பெண்சாதி கூட்டுக்குள்ளையே கிடக்கிறாள். அதுக்கு மேலை, ரெண்டும் வேறை வேறை பூச்சியெண்டும் எழுதிப்போட்டாங்களோ! பாவமப்பா, விடுங்கோ அந்தக் கதியாலை."

அண்ணை கொக்கத்தடியை அடுத்த கதியாலுக்குக் கொண்டுபோனார். மொட்டையாகிப் போன வேலியில் அது ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. தெருவில் போனவர்கள் கண்டார்கள், அப்பாவும் கண்டார். என் பட்டத்துக்காக அண்ணை வீட்டாரின் காணி போய்விடுமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலை, வேலிக்கு அப்பால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அண்ணையின் மனைவி கத்தினார்.

"பிள்ளை, ஓடி வாரும்! மாப்பிளை வந்திட்டார்!"

ஓடினேன். கூட்டின் அடிவாயில், கறுத்த சிறகை அடித்தபடி ஆண் தொங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் சிரித்தோம். கூட்டோடு பிடித்துப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "முந்தி வைச்ச பேர் நிக்கட்டும், மற்றதைத் தள்ளிவிடுவம்" என்றார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வழக்கு அதன் பிறகும் நடந்தது. அந்தக் கதியால் வெட்டாமல் நின்றதைப் பற்றி மட்டும் அவர் வழக்கில் கடைசிவரை வாயே திறக்கவில்லை. தொண்ணூறில் போர் வந்து இரண்டு குடும்பங்களும் தீவைவிட்டு வெளியேறினோம். வேலியும் போயிற்று, வழக்கும் போயிற்று. எனக்காகத் தங்கள் சாட்சியையே வெட்டாமல் விட்ட அந்த இருவரை நினைக்கும்போது, என் பட்டத்தில் பாதி வேலிக்கு அந்தப் பக்கத்தாருடையது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.