பாலம் கட்டிப் பெண் கேட்ட ஊர்

அப்பா போட்டுத் தேய்த்த செருப்புகளில் ஒரே ஒரு ஜோடிதான் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. டயர் அடி வைத்துத் தைத்த தோல் செருப்பு. கட்டைவிரல் நுழைகிற வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பொத்தான் மின்னும். அப்பா செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தார். எங்கள் வீடு திருநின்றவூரில். அறுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு வரன் வந்தது. அவர்கள் வந்து என்னைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் காலைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுவார்கள் என்பது அப்பாவின் எண்ணம். அதற்காகவே அளவு கொடுத்துத் தைத்து வாங்கிய செருப்பு அது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு மிடுக்காகக் கிளம்பியவர், சாயங்காலம் இடுப்புவரை சேறு காய்ந்த வேட்டியோடு, வலது கால் செருப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "அந்த ஊரு வேணாம். அந்தப் பேச்ச இத்தோட விட்ருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நடந்ததைக் கூடப் போன என் தாய்மாமாதான் அம்மாவிடம் சொன்னார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நெடுந்தூரம் போனால் வருகிற ஊர் அது. ஊருக்குள் நுழைய ஓர் ஓடையைத் தாண்டவேண்டும். தாண்டுவதற்கு ஒரு பனைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தலையில் புல்லுக்கட்டோடு அதன்மேல் ஓடுவார்களாம். அப்பா புதுச் செருப்போடு பாதி மரம் போய், அங்கிருந்து நேராக ஓடைக்குள் போய்விட்டார். குதித்துத் தூக்கியவர் வேறு யாருமில்லை, மாப்பிள்ளையேதான். அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை.

எனக்கோ அந்த வரனை விட மனசில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா வைத்த பஜ்ஜித் தட்டில் மிளகாய் பஜ்ஜி ஒன்று இருந்தது. அதை வாழைக்காய் என்று நினைத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார் மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துப்பவும் முடியாமல், தண்ணீர் கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகம் எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் இதை யாரிடம் சொல்வது? அப்பா அந்த ஒற்றைச் செருப்பைக் கழுவிப் பரண்மேல் போட்டதைப் பார்த்தபோது என் கல்யாணத்தையே பரணில் போட்ட மாதிரி இருந்தது.

இங்கேதான் என் பெரிய மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா அவர், எனக்குப் பெரிய மாமா. அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர். ஊரில் எல்லோருக்கும் 'பிரசிடெண்டு'. கல்யாணம் ஆகாதவர். வாலிபத்தில் அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் மழைக்காலத்தில் அதே ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். "என் மாமனாரு மூஞ்ச நான் பாத்திருக்கேன், தூரத்துலேர்ந்து" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பிரசிடெண்டு ஆனதும் அவர் கொண்டுவந்த வழக்கத்தை வேறெந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. வருஷா வருஷம் பொங்கல் கழிந்து பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊர் கூடும். அந்த வருஷம் ஊருக்கு என்ன வேலை செய்வது என்று அன்றைக்குத்தான் முடிவாகும். ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போடுவதுதானே எங்கும் வழக்கம்? இவர் வாயைத் திறந்ததும் கேட்கிற கேள்வி, "போன வருசம் பொண்ணு குடுக்க மாட்டேன்னவங்க இன்னா கொற சொன்னாங்க?" என்பதுதான். பையனைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி இருட்டில் படுத்திருந்த எருமையை மிதித்துவிட்டாள் என்று ஒரு வரன் கெட்டது. அந்த வருஷம் தெருவிளக்கு வந்தது. குளத்தில் பெண்கள் குளிக்கிற துறைக்கு மறைப்பே இல்லையே என்று ஒரு தாயார் முகம் சுளித்தாள், சுவர் எழும்பியது. பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று ஒரு தாத்தா கேட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றினார்கள். தீர்மானத்தில் 'பொதுமக்கள் வசதி கருதி' என்றுதான் எழுதுவார்களாம். பொதுமக்கள் என்றால் அந்த ஊரில் கல்யாணத்துக்கு நிற்கிற பையன்கள் என்று அர்த்தம்.

அந்த வருஷக் கூட்டத்தில் என் மாமியார் எழுந்து, "பொண்ணோட அப்பா ஓடையில உயுந்துட்டாரு" என்றாராம். யாரோ சிரித்திருக்கிறார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. "இந்த வருசம் பாலம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாட்டு வண்டியில் சிமெண்டுக் குழாய்கள் வந்தன. பாதிச் செலவுக்குப் பெரிய மாமா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் உதவி வாங்கினார். மீதிக்கு ஊர்க்காரர்களின் உடம்பு இருந்தது. எண்ணூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்த மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு மண் வெட்டினார். "உன் மாமனாரு நடக்கற பாலம்டா, கலவய நல்லாக் கலக்கு" என்று கூட்டாளிகள் அவரைப் பேஜார் பண்ணினார்களாம். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போதுதான் சேற்றுக்குள்ளிருந்து அந்த இடது கால் செருப்பு வந்தது. தோல் விறைத்திருந்தது, பித்தளைப் பொத்தான் கறுத்திருந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பாலம் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி மட்டும் மாமா மூலம் காதில் விழுந்திருந்தது. அதற்குள் ஆவடிப் பக்கத்தில் ஒரு வரன் கிட்டத்தட்ட கூடி வந்துவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நாள் அடுப்படியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது, துணிந்து, "அந்தப் பாலத்தக் கட்டி முடிச்சிட்டாங்களா, தெரியுமா?" என்று கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். திரும்ப வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். ஆனால் அந்த மாதம் முழுக்க எந்த நாளைச் சொன்னாலும் அம்மாவுக்கு அது சரியில்லாத நாளாகவே இருந்தது.

அப்படித் தள்ளிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, பிரசிடெண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குள்ளமான உருவம், தும்பைப்பூ மாதிரி சட்டை. ஒரு கையில் வாழைப்பழச் சீப்பும் பூவும். இன்னொரு கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை மட்டும் உள்ளே கொண்டுவராமல் வாசற்படிக்குக் கீழே வைத்தார். அது பிரிந்து உள்ளேயிருந்து செருப்பு எட்டிப்பார்த்தது. "பொண்ணு கேக்க வரவங்க செருப்பத் தூக்கிக்கினா வருவாங்க?" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். நான் கதவிடுக்குக்குப் போய்விட்டேன்.

"உங்க செருப்பு எங்க ஊருலயே தங்கிடுச்சி, சம்பந்தி. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"நாம இன்னும் சம்பந்தி ஆவல" என்றார் அப்பா, பிடிகொடுக்காமல்.

பெரிய மாமா பழத்தையும் பூவையும் கீழே வைத்தார். பிறகு சொன்னது எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது: "அன்னிக்கு நீங்க உயுந்ததுக்கு நீங்க வெக்கப்படக் கூடாது. அது எங்க ஊரு வெக்கப்பட வேண்டிய விசயம். வெக்கப்பட்டோம், பாலம் கட்டிட்டோம். வந்து ஒரு தபா நடந்து பாருங்க. அப்பறமும் வேணாம்னா வேணாம்."

அப்பா வேண்டாம் என்று சொன்னது அந்த ஊரையா, அல்லது தான் சேற்றில் கிடந்ததைப் பார்த்த கண்களையா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. இவர் யோசித்திருந்தார். அப்பா எழுந்து உள்ளே போனார். பரணில் கையை விட்டுத் துழாவும் சத்தம் கேட்டது. வலது கால் செருப்போடு வாசலுக்கு வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எனக்கு அங்கேயே மேளம் கொட்டிவிட்டது.

அப்பா பாலத்தில் நடந்து பார்த்த நாளில் நான் அங்கே இல்லை. பெண் போகிற வழக்கம் இல்லையே. ஆனால் அந்த ஊரில் அதைச் சொல்லாத வாயே கிடையாது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். பாலம் முடிந்த பிறகும், சம்பந்தி கால் வைக்கும்வரை வேறு யாரும் அதில் நடக்கக் கூடாது என்று பெரிய மாமா கட்டளை போட்டிருந்தாராம். புத்தம்புதுப் பாலம் பக்கத்தில் சும்மா நிற்க, மொத்த ஊரும் அதே பனைமரத்தில் போய்வந்துகொண்டிருந்தது. அதில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விழுந்தும் விட்டார். "இன்னும் ரெண்டு நாளு பல்லக் கடிச்சிக்கினு இருங்க வாத்தியாரே, நம்ம புள்ள வாழ்க்க" என்று அவரை வேட்டி மாற்ற அனுப்பிவைத்தார்களாம்.

அப்பா அந்த ஜோடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஓடைக்கு இந்தப் பக்கம் பாதி ஊர், அந்தப் பக்கம் பாதி ஊர். நட்ட நடுவில் நின்று காலால் ஒருமுறை தட்டினார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "ஆழம் ஒண்ணும் இல்லியே" என்றார். ஊரே சிரித்ததாம், அவரும் சேர்ந்து. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை வாயில் வைத்தவர் முகம் மாறியது. கடல் பக்கத்து ஊர், தண்ணீரில் உப்பு கரிக்கும். "இந்தத் தண்ணியத்தான் எம் பொண்ணு குடிக்கணுமா?" என்றார். பெரிய மாமா அசரவில்லை. "அது வர வருசத்து வேல, சம்பந்தி" என்றார். அப்பா சொம்பை மறுபடி எடுத்தார். மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

கல்யாணமாகி நான் வாழப்போன முதல் பொங்கலுக்குக் கூட்டத்தில் ஒரு புது வழக்கம் சேர்ந்தது. அந்த வருஷம் ஊருக்கு வந்த மருமகள்களைக் கூப்பிட்டு, "வந்துட்டீங்க, இனிமே நீங்க சொல்லுங்க" என்றார் பெரிய மாமா. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் திருநின்றவூர்க்காரி, ரயிலும் ஜனமுமாக வளர்ந்தவள். "தண்ணி, மாமா. எங்கப்பாகிட்ட சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன். மாமியார் என் இடுப்பில் கிள்ளிய இடம் ரெண்டு நாள் வலித்தது. ஆனால் அந்தக் கோடையில் மேற்கே மேட்டு நிலத்தில் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. முதல் குடத்தை என்னை இறைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் தாலி கட்டிய அன்றுகூடப் படவில்லை. இதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு வேலை கிடைத்தது. பெண் வீட்டார் தாங்களே தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு பொங்கலுக்குப் பெரிய மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். அவர் வயசுக்காரர் ஒருவர், "பாக்கி இருக்கறது நீதான் பிரசிடெண்டு, உனக்குப் பாக்கட்டுமா?" என்று சீண்டினார். "எனக்கு இன்னா கொற? இந்தப் பாலத்துல வந்த பொண்ணுங்க எல்லா ஊட்டுலயும் எனக்குச் சோறு போடுதுங்க" என்றார் அவர். அது முழுக்க உண்மை. வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை, அன்றைக்குக் குழம்பை அவருக்காகவே கொஞ்சம் கெட்டியாக வைப்பேன்.

அந்தப் பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் அகலமான பாலம் வந்து, அதன்மேல் இரவும் பகலும் லாரிகள் போகின்றன. போன மாதம் என் பேரனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் காரில் வந்து இறங்கினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். பெண்ணின் அப்பா மட்டும் வாசலில் நின்று, லாரிகள் கிளப்பிய மண்சாலைப் புழுதி எங்கள் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிமேல் படிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று மறுநாள் போன் வந்தது. பேரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பெண்ணோடு அவன் ஏற்கெனவே போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கிராம சபைக் கூட்டத்துக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனேன். இப்போது தலைவி ஒரு சின்னப் பெண், அவளும் வெளியூரிலிருந்து வாழ வந்தவள்தான். எழுந்து, "பொண்ணு குடுக்க மாட்டேன்னவங்க இன்னா கொற சொன்னாங்கன்னு மொதல்ல கேளும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வயசானவர்கள் மட்டும் சிரித்தார்கள். விளக்கிச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டு, அந்தச் சாலைக்குத் தார் போடுவதை முதல் தீர்மானமாக எழுதச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் அப்பா குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எவர்சில்வர் பாட்டில், எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். கூரியரில் அனுப்பிவிடலாம் என்றாள் மருமகள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தார் போட்டதும் எங்கள் ஊர்த் தண்ணீரை அதில் நிரப்பிக்கொண்டு, நானே அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன்.