கல் சுமந்து வரும் டுன்டுனி

முதலில் பை ஏறும். அதன் பிறகுதான் சுதபா ஏறுவாள். கௌரிதலா நிலையத்தில் ஆறு நாற்பது லோக்கல் நிற்கிற அரை நிமிடத்துக்குள், மகளிர் பெட்டி வாசலில் நிற்பவர்களில் ஒருத்தி கையை நீட்டியாக வேண்டும். "கல்லு வருது, கல்லு வருது! காலை உள்ள இழுங்கடி!" என்று பெட்டிக்கே சித்தியான மாலதி மாசி குரல் கொடுப்பாள். பை கைமாறி உள்ளே போய் யாருடைய மடியிலாவது உட்காரும். மடிக்காரி "ஐயோ, என் முட்டி!" என்பாள். தினமும் இதேதான். ஆனாலும் கையை நீட்ட மாட்டேன் என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

பையில் இருப்பது நிஜமான கல். சுதபா நஸ்கருக்கு இருபத்திரண்டு வயது. கல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலவியல் முதுகலை படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் கல்லே கிடையாது. தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் ஈர வண்டல். அவள் பார்த்த முதல் கல், தண்டவாளத்தில் கொட்டிக் கிடந்த கருங்கல் ஜல்லிதான்.

"ஆறு வயசுல ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன் தீதி, இது எங்கேருந்து வந்துச்சுன்னு. 'வேகன்ல வந்துச்சு'ன்னார். அதுக்கு முன்னாடின்னு கேட்டேன். 'போய்ப் படி'ன்னு விரட்டினார். அதான் படிக்கிறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

தையல்சிட்டை நாங்கள் டுன்டுனி என்போம். உள்ளங்கைக்குள் அடங்கும், வாய் மட்டும் அடங்காது. சுதபாவுக்குப் பெட்டி வைத்த பெயர் அதுதான்; இப்போது வீட்டிலும் அதுதான். அவளுக்கு மனதுக்குள் படிக்க வராது. உரக்கச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். காய்கறிக் கூடைகளுக்கும் வெற்றிலைக் கட்டுகளுக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்றபடி பூமியின் வயதைச் சொல்லிக்கொண்டு வருவாள். மாலதி மாசி கல்கத்தாவில், பாலிகஞ்சில், மூன்று வீடுகளில் சமைக்கிறவள். பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து சுதபாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "ம், சொல்லு" என்பாள். சுதபா சொல்லுவாள். சரியா தப்பா என்று மாசிக்குத் தெரியாது. தயங்கினால் மட்டும் தெரியும். "இழுக்கறே. திருப்பிப் படி."

ஒருநாள் கேட்டேன்: "ஹாஸ்டல் கிடைச்சுதாமே, ஏன் விட்டே?"

"பதினோரு நாள் இருந்தேன் தீதி. தூக்கமே வரல. அங்க தவளை கத்தாது."

பெட்டியே சிரித்தது. எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அவள் அம்மா சணல் பை தைக்கிறவள்; அப்பா இல்லை. மகள் வீட்டில் இல்லாத அந்தப் பதினோரு நாளும் அம்மா அடுப்பே மூட்டவில்லை, பொரியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றே காலம் தள்ளினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்லியிருந்தாள். அதை சுதபா ஒருபோதும் சொன்னதில்லை. தவளையைத்தான் சொல்லுவாள். விடியுமுன் எழுந்து அம்மாவோடு ரொட்டி தட்டி, இருவரும் தின்று, ஆற்றங்கரை மேட்டில் சைக்கிள் மிதித்து, ரயில், பிறகு பேருந்து என்று போய்ச் சேர இரண்டேமுக்கால் மணி நேரம். திரும்ப அதே அளவு.

இந்த ஜனவரியில் பனி விழுந்தது. சும்மா விழவில்லை, எதிரே நிற்கும் சிக்னல் கம்பம் தெரியாதபடி விழுந்தது. வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. சுதபா முந்தின வண்டியைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. செய்முறை வகுப்பில் ஒன்பதரைக்கு வருகைப் பதிவை மூடிவிடுவார்கள். பதினான்கு நாள் அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் பை ஏறியது, அவளும் ஏறினாள், வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மாசி கல்லை நீட்டி, "ம், சொல்லு" என்றாள். சுதபா அதை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"என்னடி, தொண்டையில முள்ளா?"

"இனிமே சொல்லி என்ன மாசி. பேர் லிஸ்ட்ல வந்துடுச்சு. வருகை பத்தல, பரீட்சை எழுத முடியாதாம். ஒரு வருஷம் போச்சு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு இன்னும் சொல்லல. என்னாலதானேன்னு சாப்பிடாம கெடக்கும்."

நான் கால்நடைத் துறை அலுவலகத்தில் எழுத்தர். விதிப் புத்தகத்தைப் புரட்டியே பதினாறு வருடம் ஓட்டியவள். அவள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தக்க காரணமும் சாட்சியும் இருந்தால் துறைத்தலைவர் பரிந்துரைக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"சாட்சிதானே?" மாலதி மாசி பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இத்தனை பேர் என்ன, பொரி உருண்டையா?"

"வேண்டாம் மாசி, மானம் போகும்."

"மானம் போகாது. மணிக்கணக்கா பனியில நின்னோம், அதைச் சொல்லப் போறோம். நீ வாயை மூடு. மூணு நாளா மூடித்தானே இருந்தே!"

மனுவை நான் எழுதினேன். அலுவலக மைப்பெட்டியை மறுநாள் கொண்டு வந்தேன். கௌரிதலாவிலிருந்து பாலிகஞ்ச் வருவதற்குள் முப்பத்தேழு பெயர்கள் சேர்ந்தன. பத்தொன்பது கையெழுத்து, பதினெட்டு கட்டைவிரல். விரலைத் துடைக்க இடமில்லாமல் சபீனா என்ற மீன்காரி கூடை ஓரத்தில் தேய்த்தாள். அன்று அவள் மீனெல்லாம் நீலம் என்று கேலி செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாசி மூன்று வீடுகளுக்கும் லீவு சொல்லிவிட்டு எங்களோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். துறைத்தலைவி நந்திதா லாஹிரி மனுவை இரண்டு முறை படித்தார்.

"விடுதி இடத்தை இந்தப் பொண்ணு தானா விட்டிருக்கு. பனி இருந்துச்சுங்கறதுக்கு இது ஆதாரமா?"

மாசி முன்னால் நகர்ந்தாள்.

"தீதிமணி, நான் லேட்டா போனா மூணு வீட்ல காலை டீ கிடையாது. அந்தப் பதினாலு நாளும் மூணு வீட்லயும் திட்டு வாங்கியிருக்கேன். அவங்களைக் கேளுங்க. பனியை மறந்திருப்பாங்க, டீயை மறந்திருக்க மாட்டாங்க."

லாஹிரி மனுவை மறுபடி புரட்டினார். மாசியின் கண் மேசைமேல் இருந்த கல்லில் விழுந்தது. கேட்காமலே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இதுல சிவப்புப் பொட்டு இருக்கு பாருங்க, இது கார்னெட்டு. இந்த மினுமினுப்பு மைக்கா. பூமிக்கு அடியில நல்லா வெந்து வந்த கல்லு." கொஞ்சம் யோசித்து, "அரைவேக்காடு இல்ல" என்றாள்.

"உங்களுக்கு இதை யார் சொன்னது?"

"இவதான். தினமும் காதுல ஓதறாளே, வேற எங்க போறது நாங்க?"

லாஹிரி கண்ணாடியைக் கழற்றினார். சுதபாவிடம் அந்தக் கல்லைப் பற்றி மேலும் நான்கு கேள்விகள் கேட்டார். முதல் கேள்விக்கு அவள் இழுத்தாள். மாசி முறைத்தாள். மற்ற மூன்றும் தடையில்லாமல் வந்தன. அவர் பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டார். "பரீட்சைக்கு மட்டும் பனி வராம பார்த்துக்கோ" என்றார், சிரிக்காமல்.

மாலை வண்டியில் மாசிக்கும் எனக்கும் உட்கார இடம் கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் பெட்டியில் ஒரே கூச்சல். யாரோ ஈச்ச வெல்ல சந்தேஷ் இனிப்பை நான்காகக் கிள்ளிக் கொடுத்தார்கள். டுன்டுனிக்கு வாய் திரும்பிவிட்டது. லாஹிரி கேட்ட நான்காவது கேள்விக்கு இன்னும் நல்ல பதில் உண்டு என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

சோனார்பூர் தாண்டியதும் கைபேசியை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. மறுமுனையில் "ஹலோ, டுன்டுனியா?" என்று குரல் வந்தது. சுதபா கைபேசியை மாலதி மாசியின் காதில் வைத்து, "ம், சொல்லு" என்று, அது நழுவாமல் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள்.